மலையிலிருந்து கம்பெனி வேலை: எந்தச் செலவு வரிக் கணக்கில் சேரும்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில், அப்பா வீட்டில் இருக்கிறேன். கோவையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் 2024 மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது பெங்களூரு, சென்னையில் உள்ள மூன்று நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் பாடம் எழுதியும் மொழிபெயர்த்தும் கொடுக்கிறேன். மாதம் சராசரியாக 1,15,000 ரூபாய்க்கு பில் போடுகிறேன். 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். வரிதான் பிடித்தாகிவிட்டதே என்று போன வருடம் ரிட்டர்ன் போடவில்லை. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை செய்யும் தோழி, "வருமானத்தில் பாதியைக் காட்டினால் போதும்" என்கிறாள். இங்கே ஒருவர், "கமிஷன் கொடுங்கள், முழுப் பணமும் திரும்ப வரும்" என்கிறார். நெட், கரண்ட், இன்வெர்ட்டர், லேப்டாப், ஹீட்டர், கோவை போய்வரும் செலவு, வேலையில் உதவும் குன்னூர்த் தோழிக்கு மாதம் தரும் 10,000 ரூபாய் இதையெல்லாம் கழிக்கலாமா? அப்பாவின் தேயிலைப் பணமும் என் கணக்கில்தான் வருகிறது. அதற்கும் வரி உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் மனதை உறுத்தியது நீங்கள் கேட்காத ஒரு விஷயம். போன வருடம் ரிட்டர்ன் போடவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் பணம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்களிடம் பிடிக்கும் அந்த 10 சதவீதம், அதாவது டி.டி.எஸ். என்பது நீங்கள் கட்ட வேண்டிய இறுதி வரி அல்ல. பணம் கொடுப்பவர் உங்கள் பெயரில் முன்கூட்டியே அரசிடம் கட்டிவைக்கும் ஒரு தொகை, அவ்வளவுதான். உங்கள் செலவு என்ன, உண்மையில் எவ்வளவு வரி வரும் என்றெல்லாம் அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. மொத்த பில்லில் 10 சதவீதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறார்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால், ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் திரும்பி வரும். கேட்காதவர்களுக்குத் தானாக வராது. அதோடு, அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி வருமானம் இருந்தால் ரிட்டர்ன் போடுவது கட்டாயமும்கூட.

2024-25இல் உங்களுக்கு வந்தது 10,80,000 ரூபாய், பிடித்தது 1,08,000 என்று எழுதியிருக்கிறீர்கள். செலவு போக 9 லட்சம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடத்துப் புதிய வரிமுறை விகிதப்படி, வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, வரி 41,600 ரூபாய். மீதி 66,400 ரூபாய் உங்களுடையது. அதைச் சாதாரண வழியில் கேட்பதற்கான கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அது முடிந்துவிட்டது. "அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாமே" என்று யாராவது சொல்வார்கள். அந்த வழியில் ரீஃபண்ட் கேட்க முடியாது, அது கூடுதலாக வரி கட்டுகிறவர்களுக்கானது.

ஆனாலும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. சட்டத்தின் 119(2)(பி) பிரிவில், தாமதத்தை மன்னித்து ரிட்டர்னை ஏற்கும்படி விண்ணப்பிக்க முடியும். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 5 வருடத்துக்குள் கேட்க வேண்டும், உங்கள் விஷயத்தில் 2031 மார்ச் 31 வரை. உங்கள் தொகைக்கு முதன்மை ஆணையர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம். வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அப்பாவின் மருத்துவமனைச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் வேலையை விட்ட கடிதம் எல்லாவற்றையும் இணையுங்கள். உண்மையான கஷ்டத்தால்தான் தவறியது என்று காட்ட வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. ஒன்று மட்டும் கிடைக்காது: இப்படித் தாமதமாக வாங்கும் பணத்துக்கு வட்டி தரமாட்டார்கள்.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். 2025-26இல் உங்கள் பில் தொகை 13,80,000 ரூபாய், பிடிக்கப்படும் வரி 1,38,000.

மூன்று கம்பெனிகளுமே உங்களுக்கு முதலாளி அல்ல. நீங்கள் வாங்குவது சம்பளமும் அல்ல. அதனால் சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றாகிய படிவம் 16 வராது, மற்ற வரவில் பிடித்ததற்கான 16ஏதான் வரும். வருமானம் 'தொழில் அல்லது வியாபார லாபம்' என்ற தலைப்பில் சேரும். கோவையில் இருந்தபோது போட்ட ஐ.டி.ஆர்.-1 என்ற ரிட்டர்ன் படிவத்தை இனி தொடவே கூடாது. சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவும் உங்களுக்குக் கிடையாது. "12.75 லட்சம் வரை வரி இல்லை" என்று எல்லோரும் சொல்வது அந்த 75,000ஐயும் சேர்த்துத்தான். உங்களுக்கு எல்லைக்கோடு 12 லட்சம். பதிலுக்கு, சம்பளக்காரர்களுக்கு இல்லாத ஓர் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த வருமானத்தை ஈட்ட ஆன செலவைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. புதிய வரிமுறையில் எல்.ஐ.சி., பி.பி.எஃப்., மெடிக்ளைம் கழிவுகள் போய்விட்டன என்று கேட்டிருப்பீர்கள். தொழில் செலவு போகவில்லை. பழைய முறை, புதிய முறை இரண்டிலுமே அது உண்டு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

தோழி சொல்லும் 'பாதி' வழி அவருக்குச் சரி. 44ஏடிஏ பிரிவுப்படி, குறிப்பிட்ட சில தொழில் செய்கிறவர்கள் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டி, கணக்குப் புத்தகம் இல்லாமலே ஐ.டி.ஆர்.-4 போடலாம். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், அப்புறம் அறிவிக்கையால் சேர்க்கப்பட்ட திரைக்கலைஞர், கம்பெனி செக்ரட்டரி, தகவல் தொழில்நுட்பம் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வருவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை. உங்கள் தோழி தகவல் தொழில்நுட்பத்தில் வருகிறார். மொழிபெயர்ப்பும் பாடம் எழுதுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி எந்தப் பிரிவில் வரி பிடித்தது என்பதை வைத்து உங்கள் தொழில் பட்டியலுக்குள் வந்துவிடாது.

இன்னொரு குறுக்குவழியையும் யாராவது சொல்லக்கூடும். வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில், வங்கி வழியாக வந்த பணத்தில் 6 சதவீதத்தை வருமானமாகக் காட்டலாம். உங்கள் கணக்கில் அது 82,800 ரூபாய். வருடத்துக்கு 11 லட்சத்துக்கு மேல் மிச்சம் நிற்கும் ஒருவர் 82,800 என்று எழுதுவதை நான் செய்துகொடுக்க மாட்டேன். எழுத்து வேலையை 'வியாபாரம்' என்று கொள்ளலாமா என்பதிலேயே வாதம் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் பார்ப்பதும் அந்த 82,800ஐத்தான். ஒருமுறை உள்ளே போய்விட்டு 5 வருடத்துக்குள் வெளியே வந்தால், அடுத்த 5 வருடம் திரும்பவும் நுழைய முடியாது.

உங்களுக்கு என் யோசனை, உண்மையான செலவைக் கணக்கு எழுதி ஐ.டி.ஆர்.-3 போடுவதுதான். வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் கணக்குப் புத்தகம் வைப்பது உங்கள் மாதிரித் தொழிலுக்கு எப்படியும் கட்டாயம். பயப்பட வேண்டாம். ஒரு நோட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், மாதக் கடைசியில் கூட்டல். உங்கள் அளவுக்கு ஆடிட் தேவையில்லை.

எந்தச் செலவு சேரும்? சட்டம் சொல்வது, முழுக்க முழுக்கத் தொழிலுக்காக நடந்ததாக இருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது. என்னிடம் வருகிறவர்களை நான் கேட்பது ஒரே கேள்வி: இந்த வேலையே இல்லாவிட்டாலும் இந்தப் பணம் செலவாகியிருக்குமா? ஆம் என்றால் அதைக் கழிக்க முடியாது. கோத்தகிரிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர், சமையலறை அடுப்புக்கு வாங்கும் விறகு, மதியச் சாப்பாடு எல்லாம் வேலை இல்லாவிட்டாலும் வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு வருடச் சந்தாவாகக் கட்டும் 18,000 ரூபாய் வேலை இல்லாவிட்டால் போயே இருக்காது. அது முழுவதும் சேரும்.

சிக்கல் நடுவில் இருப்பவைதான். வீடும் அலுவலகமும் ஒரே கூரைக்குள் இருக்கும்போது பெரும்பாலான செலவு இரண்டுக்கும் பொதுவாகிவிடும். அங்கே நியாயமான பங்கைப் பிரித்து எடுக்க வேண்டும். எப்படிப் பிரித்தீர்கள் என்பதை அதே நோட்டில் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். உங்கள் இணைய இணைப்புக்கு வருடம் 14,160 ரூபாய் ஆகிறது. சாயங்காலம் அப்பா டி.வி. பார்க்கிறார் என்கிறீர்கள். முக்கால் பங்கு, அதாவது 10,620 ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பாதி, 1,800.

கரண்ட் பில்லை ஊகமாகப் பிரிக்காதீர்கள், யூனிட்டாகக் கணக்குப் போடலாம். வேலை அறையில் வைத்திருக்கும் 1,000 வாட் ஹீட்டர் 5 மணி நேரம் ஓடினால் 5 யூனிட். 25 நாளுக்கு 125 யூனிட். குளிர் மாதங்களுக்கு மட்டும் அதை எழுதுங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஹீட்டர் ஓடியதாகக் காட்டினால் இந்த மலையை அறிந்த எவரும் நம்பமாட்டார். படுக்கையறை ஹீட்டர் வீட்டுக் கணக்கு. கணினி, விளக்கு, ஹீட்டர் எல்லாம் சேர்த்து நீங்கள் சொல்லும் 9,000 ரூபாய் எனக்கு நியாயமாகவே படுகிறது.

லேப்டாப் போன்றவற்றை ஒரே வருடத்தில் முழுவதும் கழிக்க முடியாது. வருடா வருடம் தேய்மானமாகத்தான் வரும். கணினிக்கு 40 சதவீதம். ஆகஸ்டில் 72,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள், அதனால் இந்த வருடம் 28,800. அடுத்த வருடம் மீதி 43,200இல் 40 சதவீதம், 17,280. அப்படிக் குறைந்துகொண்டே போகும். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். நவம்பரில் வாங்கியிருந்தால் 14,400தான் வந்திருக்கும். மேசை, நாற்காலிக்கு 10 சதவீதம், 16,000க்கு 1,600. இன்வெர்ட்டரும் பேட்டரியும் 24,000. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் பக்கம் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போவது எனக்குத் தெரியும். அது இல்லாமல் நீங்கள் வேலையை முடித்துக்கொடுக்கவே முடியாது. ஆனால் வீடு முழுவதும் அதில்தான் ஓடுகிறது. 15 சதவீதத் தேய்மானத்தில் பாதி, 1,800 போதும்.

கோவைக்கும் பெங்களூருக்கும் வேலை விஷயமாகப் போய்வந்த பஸ், ரயில், தங்கும் செலவு 14,000 சேரும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது சேராது. இரண்டும் ஒரே பயணத்தில் நடந்திருந்தால், எது முதல் காரணம் என்பதை மனதறிந்து எழுதுங்கள். பஸ் டிக்கெட்டை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து நிற்காது. நம் ஊர் ஈரத்தில் பர்ஸுக்குள் வைத்தது ஆறே மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். ஸ்கூட்டர் பெரும்பாலும் கடைக்கும் மருந்துக்கும்தான் ஓடுகிறது என்று நீங்களே சொல்வதால் அதை விட்டுவிடுங்கள். கணக்குப் பார்த்துக் கொடுப்பவருக்குத் தரும் 5,000 ரூபாய் கட்டணமும் தொழில் செலவுதான்.

குன்னூர்த் தோழி விஷயத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்தில், தீபாவளிக்கு முன்னால் மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து 30,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதும் கழிவிலிருந்து போய்விடும், 40ஏ(3) பிரிவு. 10,000க்கு மேற்பட்ட 20,000 மட்டுமல்ல, 30,000மும் போகும். வேலை நடந்தது உண்மை, பணம் போனதும் உண்மை, ஆனாலும் ஏற்கமாட்டார்கள். ஜிபே, வங்கி மாற்றம், அக்கவுண்ட் பேயீ செக் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. மற்ற ஒன்பது மாதம் ஜிபேயில் கொடுத்த 90,000 பத்திரமாகச் சேரும். அவரிடம் மாதாமாதம் என்ன வேலைக்கு எவ்வளவு என்று கையெழுத்தோடு ஒரு பில் வாங்கிவையுங்கள். உங்கள் வரவு அளவுக்கு அவரிடம் நீங்கள் வரி பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கூட்டினால் செலவு 1,80,620 ரூபாய். 13,80,000இல் கழித்தால் 11,99,380. அதோடு நீங்கள் குறிப்பிட்ட வங்கி வட்டி 8,000ஐச் சேர்க்க வேண்டும். 12,07,380 ஆகிறது. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். நல்லவேளையாக, கொஞ்சமாகத் தாண்டுகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. ஆக 7,380 ரூபாய், செஸ் சேர்த்து சுமார் 7,680. அந்த 30,000ஐ மட்டும் ஜிபேயில் அனுப்பியிருந்தால் வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே நின்று வரி பூஜ்யமாகியிருக்கும்.

இப்போது முழுப் படத்தைப் பாருங்கள். செலவே கழிக்காமல் விட்டால் வட்டியோடு சேர்த்து உங்களுக்கு வரும் வரி சுமார் 91,700 ரூபாய். உண்மையான செலவை ஒழுங்காக எழுதினால் 7,680. பிடித்த 1,38,000இல் ஏறக்குறைய 1,30,000 திரும்ப வருகிறது. இதில் ஒரு ரூபாய்கூட நாம் கற்பனை செய்யவில்லை.

அதனால்தான் அந்தக் கமிஷன்காரர் பக்கம் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அவர் போடப்போவது இல்லாத வாடகை, இல்லாத சம்பளம், இல்லாத நன்கொடை. இப்படி ஒருவரிடம் ரிட்டர்ன் போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளரை மறக்க முடியவில்லை. போட்டுக்கொடுத்தவரின் போன் அணைந்துவிட்டது, வாங்கிய ரீஃபண்ட் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கரைந்துவிட்டது. பொய்க் கணக்கு என்று தெரிந்தால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு, 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. அது கமிஷன் வாங்கியவருக்கு வராது, பான் எண் யாருடையதோ அவருக்குத்தான் வரும். உங்களுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

ஜி.எஸ்.டி. பற்றி யோசிக்க வேண்டாம். வெளிமாநிலக் கம்பெனிக்கே வேலை செய்தாலும் சேவைக்கு வருடம் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் முன்கூட்டிய வரியும் இந்த வருடம் உங்களுக்கு வராது, பிடித்ததே தேவைக்கு மேல் இருக்கிறது. வரி பிடிக்காமல் பணம் தரும் வாடிக்கையாளர் யாராவது நடுவில் வந்தால் மட்டும் மார்ச் 15க்குள் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்களெல்லாம் மாறும். நீங்கள் இப்போது கணக்குப் போடும் 2025-26 வருமானத்துக்கு 1961 சட்டமே பொருந்தும், நான் மேலே சொன்ன எண்களும் அதன்படியே.

கடைசியாகத் தேயிலை. தோட்டத்தில் பறித்த பச்சை இலையை ஃபாக்டரிக்கு விற்று வரும் பணம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. பட்டா அப்பா பெயரில் இருப்பதால் அது அவருடைய வருமானம், உங்களுடையது அல்ல. அது முக்கியம். உங்களுடையது என்று ஆகிவிட்டால், நிகர விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டும்போது, உங்கள் மற்ற வருமானத்துக்கான விகிதத்தைக் கணக்கிட அதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இப்போது உங்கள் வங்கிக் கணக்கில் கம்பெனிப் பணமும் இலைப் பணமும் கலந்து நிற்கின்றன. பார்க்கிறவருக்கு எல்லாமே உங்கள் தொழில் வரவு போலத் தெரியும். அப்பா பெயரில் ஏற்கெனவே உள்ள கணக்கின் விவரத்தை ஃபாக்டரியில் கொடுத்து, இந்த மாத இலைப் பணம் முதல் அதிலேயே போடச் சொல்லுங்கள். அவரால் வங்கிக்கு வர முடியாது என்றால், அந்தக் கணக்கை உங்களையும் சேர்த்து கூட்டுக் கணக்காக மாற்றித்தர வங்கியில் கேளுங்கள், முதல் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். இதுவரை உங்கள் கணக்கில் வந்ததற்கு, ஃபாக்டரி தந்த எடைச் சீட்டுகளையும் பட்டா நகலையும் ஒரு உறையில் போட்டு, மேலே '2025-26 இலை' என்று எழுதி, அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள்.